மஞ்சள் திருடி

காணும் பொங்கலன்று காண்பதற்கு எத்தனையோ இருக்கின்றன. உற்றார் உறவினரைக் காணலாம், ஆற்றங்கரையைக் காணலாம், கையில் காசிருந்தால் சினிமாவும் காணலாம். சேலம் ஜில்லாவில் வாழப்பாடி வட்டாரத்துக் கிராமங்கள் சிலவற்றில், பொங்கலை ஒட்டி நரி முகத்தில் விழித்தால் வருஷம் முழுவதும் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதற்காகக் காட்டிலிருந்து வங்காநரியைப் பிடித்து வந்து, ஊரார் எல்லோருக்கும் முகத்தைக் காட்டி ஓட விடுவது வழக்கம். வனத்துறையார் இதைத் தடுத்து வருகிறார்கள். நரியைக் கேட்டால் அதுவும் வனத்துறையார் பக்கமே பேசும் என்று நினைக்கிறோம்.

சென்ற தை மாதத்தில் காணும் பொங்கலன்று நாம் கிளம்பியது பக்ஷிகளைக் காண்பதற்கு. இங்கே 'நாம்' என்னும் வார்த்தையைப் பற்றி வாசகர்களை எச்சரித்து விட வேண்டும். இந்தக் கட்டுரையில் 'நாம்' என்று வருவதெல்லாம் பத்திரிகை சம்பிரதாயப்படி, இதை எழுதும் பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவரையே குறிக்கும். உடன் வந்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடங்களில் 'கோஷ்டி' என்று எழுதுவோம். இந்த வித்தியாசத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றலாம். அன்று இரவு நம்மைத் தூங்க விடாமல் செய்தது இந்த வித்தியாசந்தான்.

கோஷ்டியில் மொத்தம் பதினொரு பேர். உபாத்தியாயர்கள் மூவர், மாணவ மாணவிகள் நால்வர், தபாலாபீஸ் நண்பர் ஒருவர், லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பீரங்கி போன்ற காமிராவைத் தோளில் தொங்கவிட்ட பாங்க் குமாஸ்தா ஒருவர், பக்ஷியைப் பார்க்காமலே குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் அம்மாள் ஒருவர். இந்த அம்மாள் சமையலறை ஜன்னலருகே நின்றபடியே இந்த வித்தையைக் கற்றுக் கொண்டவர். கோஷ்டியில் உண்மையான நிபுணர் அவர்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

இந்தப் பிரயாணத்துக்கு ஒரு நோக்கம் உண்டு. 2015-ஆம் வருஷம் முதல் ஒவ்வொரு பொங்கலின்போதும் நான்கு நாட்கள் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்துவது. விதிகள் மிகவும் சுலபம். ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்ட பக்ஷிகள் எல்லாவற்றையும் எண்ணி, 'ஈபேர்ட்' என்னும் உலகப் பதிவேட்டில் கைப்பேசி மூலம் எழுதிவிட வேண்டும். காக்கையையும் எழுத வேண்டும். மைனாவையும் எழுத வேண்டும். அபூர்வமானதை மட்டும் எழுதிக் காக்கையை விட்டுவிட்டால் அது கணக்காகாது. இந்த மாதிரிக் கணக்குக்கு மூதாதை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் தினத்தில் துப்பாக்கியுடன் கிளம்பி, யார் அதிகமாகச் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டி போடுவது பழக்கமாயிருந்தது. 1900-ஆம் வருஷத்தில் பிராங்க் சாப்மன் என்பவர், "சுடுவானேன்? எண்ணிவிட்டு வரலாமே!" என்னும் யோசனையை முன்வைத்தார். முதல் வருஷம் 27 பேர் சேர்ந்தார்கள். அந்தக் கணக்கு இன்றும் நடந்து வருகிறது.

நிற்க. பொழுது புலர்வதற்குள் கோஷ்டி கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்வராயன் மலையின் தண்ணீர் இறங்கி வந்து தங்கும் ஏரி இது. ஒரு காலத்தில் சாக்கடையும் குப்பையுமாய்க் கிடந்தது. 2010-ஆம் வருஷத்தில் சேலத்துப் பிரஜைகள் சிலர் முன்வந்து தூர் வாரி, வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, அவற்றின் மேல் மரக்கன்றுகளை நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகள் நீர்க்காகங்களுக்கும் கொக்குகளுக்கும் அக்கிரகாரமும் அங்காடியுமாக விளங்குகின்றன. பனி விலகுவதற்குள் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்து வந்தன. முக்குளிப்பான்கள் மூழ்குவதும் எழுவதுமாயிருந்தன. நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த நாமக்கோழிகள் கூட்டங் கூட்டமாக நீந்தின. "இவை நாமக்கல்லில் அல்லவா இருக்க வேண்டும்? சேலத்தில் என்ன வேலை?" என்றார் தபாலாபீஸ் நண்பர். இந்த ஹாஸ்யத்தை அவர் ஆண்டுதோறும் சொல்வார். கோஷ்டியும் ஆண்டுதோறும் சிரிக்கும். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பத்தொரு இனங்கள் ஜாபிதாவில் ஏறிவிட்டன.

அடுத்தது பனமரத்துப்பட்டி ஏரி. ஆங்கிலேயர் காலத்தில் சேலம் நகரத்தின் குடிதண்ணீருக்காக ஏற்பட்ட இந்தப் பெரிய ஏரியைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் சீமைக் கருவேலம் நின்றது. பனங்காடை ஒன்றும் பஞ்சுருட்டான்கள் சிலவும் கணக்கில் சேர்ந்தன. அங்கே ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு கிழவர், நம் கையிலிருந்த தூரதிருஷ்டிக் கண்ணாடியையும் நோட்டுப் புஸ்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மறுபடியும் ரோட்டுக்கு அளக்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். சேலம் - சென்னை எட்டு வழிச் சாலைக்காக 2018-ஆம் வருஷத்தில் இந்த ஜில்லாவின் வயல்களிலும் தோப்புகளிலும் அளவுக் கல் நட்டதும், ஜனங்கள் அழுது எதிர்த்ததும் பத்திரிகை படிப்பவர்களுக்கு ஞாபகமிருக்கும். கண்ணாடியும் நோட்டுமாக வருகிறவர்களைக் கண்டால் பயப்பட வேண்டும் என்னும் பாடம் ஜில்லா முழுவதும் பரவியிருக்கிறது. "இல்லை ஐயா, குருவி எண்ண வந்திருக்கிறோம்" என்றோம். கிழவர் நம்மைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "எண்ணி?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அவருடைய ஆடு ஒன்று வேலி தாண்டிவிட்டது.

அந்தக் கேள்விக்கு வண்டியில் லாரி புக்கிங் பெரியவர் பதில் சொன்னார். அவர் காங்கிரஸ் சரித்திரம் நன்றாக அறிந்தவர். 1885-ஆம் வருஷத்தில் காங்கிரஸ் மகாசபையை ஸ்தாபிக்க முன்னின்றவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் என்பது நம் குழந்தைகளுக்குத் தெரியும். அதே ஹ்யூம்தான் இந்தியப் பக்ஷி சாஸ்திரத்துக்கும் தந்தை என்பது பல பெரியவர்களுக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷ காலம் அவர் எழுதிச் சேர்த்த குறிப்புகள் ஸிம்லாவில் அவருடைய மாளிகையில் இருந்தன. அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, வேலைக்காரன் ஒருவன் அந்தக் கையெழுத்துப் பிரதிகளைக் கடைவீதியில் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டான்! ஹ்யூமுக்கு அதோடு மனம் விட்டுப் போயிற்று. தாம் சேர்த்திருந்த ஏறக்குறைய 80,000 பக்ஷிகளின் பாடஞ் செய்த உடல்களை லண்டன் காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார். "பக்ஷி நமக்கு இல்லையென்று ஆன வருஷத்தில் காங்கிரஸ் கிடைத்தது" என்றார் பெரியவர். "ஆனால் அந்தக் குறிப்பு மட்டும் இருந்திருந்தால், அந்த நாளில் எந்த ஊரில் என்ன பறந்தது என்று இன்றைக்கு நமக்குத் தெரிந்திருக்கும். கணக்கு என்றால் கணக்குத்தான், சார். தொலைந்தால் தொலைந்தது."

ராசிபுரம் தாண்டி நாமக்கல்லை நோக்கிப் போகும் வழியில், சாலையை விட்டு மூன்று மைல் உள்ளே, ஒரு கரடு இருக்கிறது. அதன் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது. கரட்டின் அடியில் ஒரு சிறு குட்டை. சுற்றிலும் மானாவாரிக் காடு. கிழக்கே நீல நிறத்தில் கொல்லிமலை. மத்தியான வெயில் ஏறிவிட்டது. தூக்குச் சட்டிகளில் இருந்த புளிச்சாதத்தைக் கோஷ்டி வேப்பமர நிழலில் பிரித்துக் கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நம்மிடம் ஓடி வந்தாள். இந்தப் பெண்ணின் தகப்பனார் ஒரு கோழிப் பண்ணையில் வேலை பார்ப்பவர். அவள் அதிகம் பேச மாட்டாள். கேட்டால்தான் பதில் சொல்வாள்.

"சார், ஒரு பறவை. வெள்ளை. கரட்டுக்குப் பின்னாடி இறங்கிடுச்சுங்க சார்."

"செம்பருந்தாயிருக்கும் அம்மா."

"செம்பருந்து இல்லைங்க சார்."

அவள் நோட்டுப் புஸ்தகத்தைக் காட்டினாள். பக்ஷியைப் பார்த்தவுடன் புஸ்தகத்தைப் புரட்டக் கூடாது, முதலில் கண்ணில் பட்டதை வரைந்து கொள்ள வேண்டும் என்று நாமே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தோம். அப்படியே செய்திருந்தாள். படத்தில் உடல் வெள்ளை. சிறகின் பின்பாதி கறுப்பு. பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'தலை சிறுத்தது. முகம் மஞ்சள். வால் ஆப்பு மாதிரி. சிறகு அடிக்கவில்லை. 11-50.'

அந்த 'ஆப்பு' என்ற வார்த்தையைப் பார்த்ததும் நமக்கு நெஞ்சு ஒருமுறை அடித்துக் கொண்டது. இதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வெளியே காட்டிக் கொள்ளவில்லை. இருபது வருஷ அனுபவம் என்பது மனிதனுக்கு எவ்வளவோ நன்மைகளைச் செய்கிறது. அவற்றோடு ஒரு கனத்த குரலையும் கொடுத்து விடுகிறது. அந்தக் குரலில் பேசினோம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் நாட்டுக்கு ஒரு சிறு கழுகு வருகிறது. அதில் அடிப்புறம் வெளுத்த ஒரு வகை உண்டு. அதற்கும் சிறகின் பின்பாதி கறுப்புத்தான். தூரத்தில் பார்த்தால் எவரும் ஏமாந்து போவார்கள். ஆனால் அதன் வால் நேராகக் கத்தரித்தது போலிருக்கும். "வாலை நன்றாகப் பார்த்தாயா? வெயில் கண்ணில் அடித்திருக்குமே! அவ்வளவு தூரத்தில் முகம் மஞ்சள் என்று எப்படித் தெரிந்தது?"

"திரும்பும்போது வெயில் பட்டுச்சுங்க சார்."

அவள் வாதாடவில்லை. நோட்டை மூடிக் கொண்டாள். படத்தை அழிக்கவும் இல்லை.

நம்முடைய பிடிவாதத்துக்கு ஒரு பழைய காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன், இந்தக் கணக்கில் புதிதாகச் சேர்ந்த உற்சாகத்தில், இந்த ஜில்லாவில் கண்டறியாத ஒரு கழுகைக் கண்டதாக நாம் எழுதிவிட்டோம். அபூர்வமான பெயரை எழுதினால், பதிவேட்டைச் சரி பார்ப்பவர்களிடமிருந்து அடையாளம் கேட்டுக் கடிதம் வரும், வந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான், நாம் கண்டது பக்ஷியையல்ல, காண வேண்டும் என்ற நம்முடைய ஆசையையே என்பது தெரிந்தது. அது வெறும் செம்பருந்தின் இளங்குஞ்சு. அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. நம் வெட்கத்துக்கு அந்தப் பெண் அபராதம் கட்ட வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லைதான். அப்போது அது தோன்றவில்லை.

சாப்பாடு ஆயிற்று. "சரி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்போமே, வந்தாலும் வரும்" என்றார் குரல் கேட்கும் அம்மாள். எல்லோரும் கரட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அரை மணி ஆயிற்று. ஒரு கரும்பருந்து வந்தது. இரண்டு வல்லூறுகள் வந்தன. பனை உழவாரன்கள் பனை மரங்களுக்கு மேலே கத்தி வீசுவது போல் சுற்றின. நமக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. "அது இனிமேல் வராது. நாம் போய் எல்லோருக்கும் தேநீர் வாங்கி வருகிறோம்" என்று பிளாஸ்க்கை எடுத்துக் கொண்டு, தபாலாபீஸ் நண்பரையும் அழைத்துக் கொண்டு, சாலைக் கடைக்கு வண்டியில் கிளம்பினோம்.

போக வரப் பால் காய்ந்த நேரமும் சேர்த்து நாற்பது நிமிஷம்.

திரும்பி வந்தபோது ஒன்பது பேரும் எழுந்து நின்று கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. பாங்க் குமாஸ்தாவின் கை நடுங்கிக் கொண்டிருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டிருந்தார். கண்ணையும் துடைத்துக் கொண்டார் என்று நினைக்கிறோம். அந்தப் பெண் மட்டும் நம்மைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கொண்டு நின்றாள். நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

கரட்டின் பின்னாலிருந்து அது எழும்பி வந்ததாம். குட்டைக்கு மேலே, தலைக்கு மேலே, ஆள் ஒருவர் கல் எறிந்தால் எட்டும் உயரத்தில், சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் இரண்டு வட்டம் போட்டதாம். முகத்தைத் திருப்பிக் கீழே பார்த்ததாம். பிறகு வெயிலேறிய காற்றில் உயர்ந்து உயர்ந்து கொல்லிமலைப் பக்கம் ஒரு புள்ளியாகி மறைந்ததாம். பாங்க் குமாஸ்தா இருபது படம் எடுத்திருந்தார். பதினைந்தில் ஆகாயம் மட்டுமே இருந்தது. மிச்சமிருந்த ஐந்தில் ஒன்றைக் காமிராவின் சின்னத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். வெள்ளை உடல். கறுத்த சிறகு. நுனி வரை மஞ்சளாக இருந்த மெல்லிய அலகு. மயிரில்லாத மஞ்சள் முகம். ஆப்பு போன்ற வால்.

மஞ்சள் முகப் பாறு. புஸ்தகங்களில் அப்படி எழுதுகிறார்கள். திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் வந்து பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்ட கழுகுகள் இந்த ஜாதிதான். இப்போது அங்கே அவை வருவதில்லை. ஆப்பிரிக்காவில் இந்தப் பக்ஷி கல்லை அலகில் எடுத்து எறிந்து நெருப்புக் கோழியின் முட்டையை உடைத்துத் தின்பதை ஜேன் குடால் அம்மையார் 1966-ஆம் வருஷத்தில் உலகத்துக்கு எழுதினார். முட்டைக்குப் பேர் போன நாமக்கல்லை இது தேடி வந்தது பொருத்தமே என்று தபாலாபீஸ் நண்பர் பிறகு சொன்னார். அன்று அவரும் நம்மைப் போல் ஏமாந்தவராகையால், அதில் வழக்கமான உற்சாகம் இல்லை.

நம் பாட்டியார் இதை 'மஞ்சள் திருடி' என்பார். மோகனூர்ச் சாலையில் எங்கள் கிராமம். தை, மாசியில் வேகவைத்த மஞ்சள் களத்தில் காயும். ஒரு கிழவி கண்ணயர்ந்த நேரத்தில் இந்தப் பறவை மஞ்சளைத் திருடி முகத்தில் பூசிக் கொண்டு போயிற்று என்று பாட்டி கதை சொல்வார். அந்தப் பெயரே சொல்கிறது, களத்து மேட்டில் எல்லோரும் பார்த்துப் பழகிய பறவை அது என்பதை. காட்டில் எங்கோ ஒளிந்திருக்கும் பக்ஷிக்குக் குடியானவர்கள் இப்படிச் செல்லமாகப் பெயர் வைப்பதில்லை.

நாமே பார்த்திருக்கிறோம். 1988-ஆம் வருஷம் இருக்கலாம்; எட்டு வயது. செத்த மாடுகளை ஊருக்கு வெளியே ஓடைப் புறம்போக்கில் போடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பனைமரங்களின் மேல் பெரிய பாறுகள் உட்கார்ந்திருக்கும். கீழே ஐம்பதோ அறுபதோ ஒன்றையொன்று தள்ளிக் கொண்டு, சீறிக் கொண்டு, ஒரு மாட்டை மாலைக்குள் எலும்பாக்கிவிடும். பெரியவை தின்று ஒதுங்கிய பிறகு, மஞ்சள் திருடிகள் இரண்டு மூன்று, விருந்துக்குத் தாமதமாக வந்த ஏழை உறவினரைப் போல், ஓரமாகத் தத்தித் தத்தி வரும். எங்களுக்கு அது அருவருப்பு. மூக்கைப் பொத்திக் கொண்டு ஓடுவோம். எத்தனை என்று எண்ணியதில்லை. எந்த வருஷம் நின்று போயிற்று என்பதும் தெரியாது. ஊரில் யாரைக் கேட்டாலும், "ஆமாம், முன்னெல்லாம் வரும்" என்கிறார்கள். எந்த 'முன்' என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

உலகத்துக்கே அது தாமதமாகத்தான் தெரிந்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மடிந்து போயின. வேட்டையினால் அல்ல, பஞ்சத்தினால் அல்ல. மாட்டுக்கு வலி தீரப் போட்ட ஊசியினால்! டைக்ளோபினாக் என்னும் மருந்து. ஊசி போட்ட மாடு இரண்டொரு நாளில் இறந்து, அதைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் கெட்டுச் சில நாட்களில் சாகிறது. 2004-ஆம் வருஷத்தில்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே ஓர் இனம் முழுவதும் அழிந்துவிடப் போதும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். மாட்டு வைத்தியத்தில் அதை 2006-ஆம் வருஷத்தில் சர்க்கார் தடை செய்தது. மனிதருக்கான பெரிய புட்டியை மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்து, 2015-ல் புட்டியின் அளவை மூன்று மில்லி லிட்டராகக் குறைத்தார்கள். 2023-ல் அதே ஜாதி மருந்துகள் இன்னும் இரண்டுக்குத் தடை வந்தது. பாறுகள் இல்லாத இடத்தில் செத்த மாட்டை நாய்கள் தின்றன, நாய்கள் பெருகின. மஞ்சள் திருடியும் இந்த அழிவுக்குத் தப்பவில்லை. 2007 முதல் அது உலகத்தின் அருகி வரும் பக்ஷிகளின் ஜாபிதாவில் இருக்கிறது.

ஆகவே அன்று கோஷ்டி கண்டது தூர தேசத்திலிருந்து வழி தவறி வந்த விருந்தாளியையல்ல. களத்து மேட்டில் மஞ்சள் திருடிய சொந்த ஊர்க்காரியையே. அதைக் கண்டு ஒன்பது பேர் வாயடைத்து நிற்கும் நிலைமை வந்துவிட்டதே என்பதை நினைத்தால், சந்தோஷப்படுவதா வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. சந்தோஷந்தான் பட்டோம். அது வேறு விஷயம்.

"எங்கே வந்து போகிறது என்று எனக்குத் தெரியுங்க சார்" என்றாள் அந்தப் பெண், தேநீர் ஆறிப் போன பிறகு. செத்த கோழிகளைக் கொட்டும் பள்ளம் ஒன்று கரட்டுக்குப் பின்னால் இருக்கிறதாம். இதே மாதிரி வெள்ளைப் பறவை ஒன்றை மார்கழியிலும் ஒருமுறை அங்கே பார்த்தாளாம். "ஏன் அம்மா அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "நீங்க பருந்துன்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நமக்குத்தான் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

கரட்டின் பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான். மாசியிலும் பங்குனியிலும் இந்தப் பக்ஷி பாறைப் பொந்துகளில் முட்டையிடும். ஒரு ஜதை அங்கே இருந்தாலும் இருக்கலாம். இடம் வெளியானால் பீரங்கிக் காமிராக்கள் இருபது வந்து சேரும். பக்ஷி கூட்டை விட்டுப் போய்விடும். அபூர்வப் பக்ஷிகளை நேசிக்கிறவர்களாலேயே அவற்றுக்கு நேரும் ஆபத்து கொஞ்சமல்ல. எங்கள் பாங்க் குமாஸ்தா நல்லவர். அவரே முதலில், "இடத்தை வெளியிட வேண்டாம், சார்" என்றார்.

அன்று சாயங்காலம் நாமக்கல்லை அடைந்து, கோட்டைப் பாறை மேல் இருட்டும் வரை நின்று, தகைவிலான்களையும் வாலாட்டிகளையும் எண்ணிவிட்டுக் கோஷ்டி கலைந்தது. மொத்தம் 72 இனங்கள். கணக்கைப் பதிவேட்டில் ஏற்றுவது பாங்க் குமாஸ்தாவின் பொறுப்பு. ஒருவர் ஏற்றிவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பினால், அந்த ஜாபிதா ஒவ்வொருவருடைய கணக்கிலும் சேர்ந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு நம் கைப்பேசிக்கு வந்தது. கடைசி வரியில்: மஞ்சள் முகப் பாறு, ஒன்று.

இங்கேதான் 'நாம்' என்னும் வார்த்தை வந்து நின்றது. கோஷ்டி பார்த்தது, நாமும் கோஷ்டியில் ஒருவர், ஆகவே நாம் பார்த்தோம். இலக்கணப்படி இதில் பிழையில்லை. ஆனால் தாம் கண்ணால் காணாத பக்ஷியைத் தம்முடைய பிரதியிலிருந்து ஒவ்வொருவரும் நீக்கிவிட வேண்டும் என்பது பதிவேட்டின் விதி. அதைச் சரி பார்க்க யாரும் வரப் போவதில்லை. தொலைபேசியில் பெரியவரைக் கேட்டோம். "எங்கள் எல்லோரையும் அழைத்துக் கொண்டு போனதே நீங்கள்தானே, இருக்கட்டும் சார்" என்றார் அவர். இந்தப் பக்ஷியை எட்டு வயதில் எத்தனையோ முறை கண்டவர்கள் நாம்; அந்த உரிமை இல்லையா என்றும் மனம் வாதாடியது. அந்த நாளில் எண்ணியிருந்தால் இன்று இந்த ஒன்றுக்கு ஆசைப்பட்டுக் கொண்டு விழித்திருக்க வேண்டாம் என்றும் அதே மனம் சொல்லிற்று. பதினொன்றரை மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு, அந்த வரியை நீக்கினோம். காலையில் விசாரித்ததில், தபாலாபீஸ் நண்பரும் நீக்கியிருந்தார். அவர் இரவு பத்து மணிக்கே நீக்கிவிட்டாராம். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் நல்லவர்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அந்தப் பெண் நோட்டைக் கொண்டு வந்து காட்டினாள். படத்தின் அடியில் பெயரை மையால் எழுதியிருந்தாள். நாம் அதன் கீழே தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டோம். அவள் கணக்கில் 72. நம் கணக்கில் 71. அதன் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கோஷ்டி அந்தக் கரட்டுக்குப் போய்த் தூரத்தில் உட்கார்ந்து வந்தது. மஞ்சள் திருடி வரவில்லை. அடுத்த ஞாயிறும் போகிறோம். தேநீரை வீட்டிலேயே போட்டு எடுத்துக் கொண்டு போகிறோம்.